சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஜூன் 3, செவ்வாய்

எடை 84.3. காலை நான்கு இட்லி. மதியம் சோறு, சாம்பார், அவரைக்காய்ப் பொரியல். மாலை ஒரு உளுந்த வடை.

இப்படித்தான் எழுதச் சொன்னார் மதுரை ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர். தினமும் எடை, சாப்பாடு, நடை. ஒரு வரி போதுமாம். நோட்டையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். முப்பது வருஷமாக ஆய்வறிக்கை எழுதுகிறவனுக்கு ஒரு வரியோடு நிறுத்த வராது.

என் தங்கை பேச்சியம்மாளுக்கு ஈரல் கெட்டுப்போய்விட்டது. கேள்விப்படுகிறவர்கள் எல்லாம் குடியா என்று கேட்கிறார்கள். காபிகூடக் குடிக்காதவள் அவள். உடம்பு தன் ஈரலைத் தானே அரித்துக்கொள்கிற வியாதியாம். வேறு ஈரல் வைத்தால் பிழைப்பாள், இல்லாவிட்டால் வருஷம் தாண்டாது. உயிரோடு இருப்பவரின் ஈரலில் பாதியை வெட்டி எடுத்து வைக்கலாம், கொடுத்தவருக்கு மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும் என்கிறார்கள். அவள் புருஷன் சங்கரலிங்கத்துக்குச் சர்க்கரை, ரத்தமும் வேறு வகை. மகள் தாரணிக்கு இருபது வயது, ரத்தம் ஒத்துவரும். ஆனால் பிள்ளையின் பெயரை எடுத்தாலே பேச்சி கத்துகிறாள். மிச்சம் நான்தான்.

எனக்கு எல்லாம் ஒத்துவருகிறது, ஈரலில் உள்ள கொழுப்பைத் தவிர. முப்பது சதவீதம் இருக்கிறதாம். மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள், நல்ல ஜிம்மாகப் பார்த்துச் சேருங்கள் என்றார் டாக்டர்.

சேர்ந்துவிடுவேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு இடத்தில் போய் விழ முடியாது. நான் முத்திரை ஆய்வாளர். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது என் உத்தியோகம். சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை என்று பதினான்கு கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன். எடை இயந்திரம் சரியா, காற்றோட்டம் உண்டா, படி வழுக்குமா, பயிற்சி கொடுப்பவர் எங்கே படித்தார், ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் முதலில் என்ன செய்வார்கள், இப்படி.

ஜூன் 5, வியாழன்

எடை 84.3.

முதல் இடம். வண்ணாரப்பேட்டையில் செருப்புக் கடைக்கு மேல் மாடி. ஸ்கூட்டரை கோமதி பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்விடுவதால் நடந்துதான் போனேன். கோமதி என் மனைவி, ஐந்தாம் வகுப்பு டீச்சர். நான் படியேறும்போதே ஜிம்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவருடைய மைத்துனரின் பலசரக்குக் கடைத் தராசைப் போன வருஷம் நான் பறிமுதல் செய்திருக்கிறேன்.

"சார், இங்க நாங்க எதையும் நிறுத்து விக்கலையே சார்."

"ரெய்டுக்கு வரலைய்யா. சேர வந்திருக்கேன்."

அவர் நம்பவில்லை. பேசிக்கொண்டே புரதப் பொடி டப்பாக்கள் மேல் ஒரு துண்டை எடுத்துப் போட்டார்.

அவருடைய இயந்திரத்தில் ஏறினேன். 83.1. பையிலிருந்து ஐந்து கிலோ எடைக்கல்லை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபடி ஏறினேன். 87.4. எழுநூறு கிராமைக் காணோம். அங்கே பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு, கல்லைக் கட்டிப்பிடித்து நிற்கும் என்னைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் கம்மியாக் காட்டுனாத்தான் சார் வாரவங்க சந்தோசமாப் போறாங்க" என்றார். உண்மையை ஒத்துக்கொண்டதால் அவர் மேல் சின்ன மரியாதை வந்தது. முதல் கேள்வியிலேயே தோற்றுவிட்டார் என்பது வேறு.

ஜூன் 6, வெள்ளி

எடை 84.0. கோமதி எண்ணெயை நிறுத்திவிட்டாள். இரவு கோதுமைக் கஞ்சி.

ஜூன் 8, ஞாயிறு

எடை 83.9.

மகாராஜநகருக்குப் போய் பேச்சியைப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வயிற்றில் தண்ணீர் கோத்து மாசமாக இருக்கிறவள் போல இருக்கிறாள். கால் இரண்டும் வீக்கம். கண்ணின் மஞ்சளைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டேன்.

"சேந்துட்டியாண்ணே?"

எழுநூறு கிராம் கதையைச் சொன்னேன். சிரித்தாள்.

"ஒம்பதாங்கிளாசுல செருப்பு வாங்கப் போயி ஏழு கடை ஏறி எறங்கிட்டு வெறுங்காலோட வந்தவந்தான நீ."

"எட்டு கடை."

"சரி, எட்டு." சிரிப்பு இருமலாகிவிட்டது. தாரணி ஓடி வந்து முதுகைத் தடவினாள். இருமல் அடங்கியதும் பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவாப் பாருண்ணே. அவசரப்பட்டுக் கண்ட எடத்துலயும் சேந்துராத. ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா நான் என்ன செய்வேன்."

ஜூன் 14, சனி

எடை 83.5. நடை ஐந்து கிலோமீட்டர்.

இரண்டாவது இடம், பாளையங்கோட்டையில். முழுக்க ஏ.சி. கண்ணாடிக் கதவு. எடை இயந்திரம் சரியாக இருந்தது. மூச்சு வாங்காமல் ஓடும் ஆட்களைப் பார்த்துக்கொண்டே பன்னிரண்டு கேள்விகளுக்கு டிக் போட்டுவிட்டேன்.

வரவேற்பில் இருந்த பெண் ஒரு விண்ணப்பத்தை நீட்டினாள். பெயர் இசக்கிமுத்து, வயது ஐம்பத்து மூன்று என்று நிரப்பினேன். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: பயிற்சியின்போது ஏற்படும் காயம், மரணம் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.

"இது எதுக்கும்மா?"

"எல்லா ஜிம்முலயும் இருக்கும் சார். சும்மா ஃபார்மாலிட்டி."

சும்மா என்றால் எதற்காக அச்சடிக்க வேண்டும்? காயம் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தும் எனக்கு வேர்த்தது. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். ஏ.சி. அதிகமான இடத்தில் பயிற்சி செய்வது நல்லதல்ல என்று கோமதியிடம் சொன்னேன்.

ஜூன் 22, ஞாயிறு

எடை 82.6.

மூன்றாவது இடம் ஆற்றுப் பக்கம், பழைய உடற்பயிற்சிக் கழகம். தகரக் கூரை, ஒரு ஆஞ்சநேயர் படம், துருப்பிடித்த கம்பிகள். இருபது கிலோ என்று எழுதியிருந்த இரும்பு வட்டு பதினெட்டரைதான் இருந்தது. அங்கே இருந்த பெரியவர், "தூக்குதவனுக்குத் தெரியும்ய்யா, எழுத்தையா தூக்கப் போறோம்?" என்று கோபப்பட்டார். பட்டியலில் ஒன்பது தேறவில்லை. நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 23, திங்கள்

நேற்று எதற்கு நிம்மதி என்று எழுதினேன் என்று தெரியவில்லை. எடை 82.6.

ஜூலை 4, வெள்ளி

எடை 81.2. மதியம் சாப்பாடு இறங்கவில்லை, மோர் மட்டும்.

சமாதானபுரத்தில் ஸ்டெல்லா என்பவர் நடத்தும் சின்ன இடம். நாற்பது வயதுக்காரர், ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்தவர். இரண்டே அறை. நான் கல்லோடு ஏறினேன், கல் இல்லாமல் ஏறினேன், ஐந்து கிலோ ஐந்து கிலோவாகவே இருந்தது. படி வழுக்கவில்லை. சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தது. முதலுதவிப் பெட்டி எங்கே என்றேன், திறந்து காட்டினார். மருந்துகளின் கடைசித் தேதியைப் பார்த்தேன், எல்லாம் சரி. நெஞ்சு வலித்தால் என்றேன். தரையில் ஒரு தலையணையைப் போட்டு நெஞ்சை அமுக்கிக் காட்டினார். விண்ணப்பத்தில் பொடி எழுத்தே இல்லை.

பதினான்குக்குப் பதினான்கு. நான் பட்டியலை மேலிருந்து கீழ் வரை மறுபடி பார்த்தேன். ஸ்டெல்லா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, கோவப்படாதீய. நீங்க சேருததுக்குப் பாக்கீயளா, சேராம இருக்கதுக்குப் பாக்கீயளா?"

வாடிக்கையாளரிடம் பேசும் முறையா இது? பதினைந்தாவதாக ஒரு கேள்வி சேர்த்தேன்: பயிற்சியாளரின் பேச்சு மரியாதையாக இருக்கிறதா. அதில் அவர் தேறவில்லை.

ஜூலை 12, சனி

எடை 80.3.

பேச்சியின் வயிற்றிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். ஊசி குத்தி, குழாய் வழியாக, பாட்டில் பாட்டிலாக. சாயங்காலத்துக்குள் ஏழு லிட்டர். லிட்டர் கணக்கு எனக்குத் தொழில், அதனால் எண்ணிவிட்டேன். எண்ணாமல் இருந்திருக்கலாம். சங்கரலிங்கம் வெளியே பெஞ்சில் கண்டக்டர் உடுப்போடு உட்கார்ந்திருந்தார். டிப்போவிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

"ஒங்களத்தான் மச்சான் நம்பியிருக்கோம்" என்றார். 

திங்கட்கிழமை ஸ்டெல்லாவிடம் போய்ச் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

அலுவலகத்தில் வேலை அதிகம்.

ஜூலை 17, வியாழன்

எடை 79.9. ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. ஒரு மாதம் பொறுத்து ஆவணியில் சேரலாம்.

கோமதியிடம் சொன்னேன். இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நம்ம வீட்டுக் கிரகப்பிரவேசமே ஆடியிலதான் வச்சிய. வாடகை மிச்சம்னு. ஊரே சிரிச்சிது. இப்ப ஜிம்முக்கு ஆடி பாக்கியளாக்கும்?"

அது வேறு, இது வேறு என்றேன். எப்படி வேறு என்று அவள் கேட்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

எடை 78.4. வெண்டைக்காய், இரண்டு சப்பாத்தி. ஒரு சப்பாத்தி மிச்சம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

எடை 76.9. வீட்டு இயந்திரத்தில் கோளாறு என்று நினைத்து அலுவலகத் தராசில் ஏறினேன். அங்கேயும் 76.9. அது நானே முத்திரை போட்டது.

கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன். எந்த ஜிம்மிலும் சேரவில்லை. நான்கு ஜிம்முக்கு நடந்ததும், பிறகு நான்கைந்து இடங்களை வெளியில் நின்று பார்க்க நடந்ததும், சோறு இறங்காததும்தான் காரணம். இன்னும் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் குறைந்தால் டாக்டர் கேட்ட எட்டுக் கிலோ.

மகிழ்ச்சிதான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டவுனுக்கு ஆய்வுக்குப் போனேன். வேலை முடிந்ததும் அல்வாக் கடையில் கால் கிலோ வாங்கி, வாழை இலையில் சுடச்சுட, நின்றுகொண்டே தின்றேன். முடித்ததும் இன்னொரு கால் கிலோ. கடைக்காரர், "விருந்தாளி வந்திருக்காவளா சார்?" என்றார். நெய் முழங்கை வரை வழிந்தது. பசியும் இல்லை, ருசியும் தெரியவில்லை.

சாப்பிட்டதை எழுத வேண்டும் என்பது விதி, எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

76.6.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எடை 76.3. ஆவணி பிறந்து மூன்று நாள் ஆகிறது. இனிச் சேர்ந்து என்ன பயன், எட்டுக் கிலோ குறைந்துவிட்டது.

செப்டம்பர் 2, செவ்வாய்

எடை 75.8. சங்கரலிங்கம், தாரணியோடு மதுரை போய் வந்தேன். ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். கொழுப்பு போதிய அளவு குறையவில்லையாம். பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் பட்ட பாடு வீண்.

செப்டம்பர் 3, புதன்

பேச்சியிடம் நானே போய்ச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் சட்டைக் காலரைத் தொட்டாள். கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறது.

"எப்பிடி எளைச்சிப் போயிருக்க. எனக்காக எவ்வளவு அலைஞ்சிட்டண்ணே. போதும். விட்ருவோம்."

அவள்தான் எனக்குத் தேறுதல் சொன்னாள். நான் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

முந்தாநாள் எழுதியது பொய்.

இந்த நோட்டை இனி ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கப் போவதில்லை, அதனால் எழுதலாம். டாக்டர் திரையில் ஈரலைக் காட்டினார். "எட்டு சதவீதம். பிரமாதம் சார். எந்த ஜிம்?" என்றார். நடந்தேன் என்றேன். தேதி பார்க்கலாம் என்று சொல்லி, அதற்கு முன் ஒரு நடைமுறை இருக்கிறது என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார். கொடுப்பவரைத் தனியாக வைத்துப் பேச வேண்டுமாம். உறவினர் யாரும் உள்ளே வரக்கூடாதாம்.

அந்த அறையில் ஒரு அம்மாள் இருந்தார். எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"சார், இங்க பேசுறது வெளிய போகாது. உங்களுக்கு முழு மனசா சம்மதமா? வீட்ல யாரும் கட்டாயப்படுத்தலையே? வேணாம்னு தோணுச்சுன்னா இப்பச் சொல்லிறலாம். நாங்க உங்களைக் காட்டிக் குடுக்க மாட்டோம். மருத்துவ ரீதியா ஒத்துவரலைன்னு மட்டும் வீட்டாள்கிட்டச் சொல்லுவோம். ஏன் எதுக்குன்னு சொல்ல மாட்டோம்."

"அப்படிச் சொல்றவங்க உண்டா?"

"உண்டு சார். அது தப்பில்ல. பின்னாடி மனசு மாறுனாலும் போன் பண்ணுங்க."

பயமாக இருக்கிறது என்றேன். அந்த வார்த்தையை இதுவரை கோமதியிடம்கூடச் சொன்னதில்லை. கொடுக்கிறவர்களில் ஐந்நூறு பேருக்கு ஒருவர் மேஜையிலிருந்து எழுந்திருப்பதில்லை என்று எங்கோ படித்திருந்தேன். காய்கறிக் கடைத் தராசில் ஐந்நூறில் ஒரு பங்கு பிழை இருந்தால் நான் பேசாமல் முத்திரை போட்டுவிட்டு வருவேன். வெளியே கண்ணாடி வழியாகத் தாரணி தெரிந்தாள். அவள் இரண்டு டீ வாங்கி வைத்திருந்தாள், ஒன்று எனக்கு.

அந்த அம்மாள், விலகிக்கொள்வதற்கான ஒரு தாளை நகர்த்தினார். எல்லாப் பொடி எழுத்தையும் படிக்கிறவன், அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

அவர்கள் சொன்னபடியே நடந்துகொண்டார்கள். ஒத்துவரவில்லை என்றார்கள், அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் சங்கரலிங்கம் ஏன் மச்சான், ஏன் மச்சான் என்று கேட்டுக்கொண்டே வந்தார். "கொழுப்பு கொறையல மச்சான்" என்று நான்தான் சொன்னேன். அதைச் சொல்லும்படி யாரும் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

வெட்கமாக இருக்கிறது. அதைவிட நிம்மதியாக இருக்கிறது. இதை எழுத இன்னும் வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 6, சனி

சங்கரலிங்கம் விடிந்ததும் பைக்கில் வந்துவிட்டார். ராத்திரி முழுக்க யோசித்தாராம்.

"கொழுப்புதான மச்சான்? இன்னும் ஒரு மாசம் பாப்போம். விடாமச் செஞ்சா கொறையும். மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கெஞ்சுவோம்."

என்னை ஏற்றிக்கொண்டு நேராகச் சமாதானபுரம். கோமதி சொல்லியிருக்கிறாள், அங்கே குறையே இல்லை என்று. ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் சிரித்தார். எடை பார்த்தார், உயரம் பார்த்தார்.

"ஒயரத்துக்குச் சரியாத்தான இருக்கிய அண்ணாச்சி. இன்னும் எதைக் கொறைக்கணும்?"

"ஈரல்ல கொழுப்பும்மா" என்றார் சங்கரலிங்கம். "எம் பொண்டாட்டிக்குக் குடுக்கணும். நல்லா வேலை வாங்குங்க."

ஸ்டெல்லா என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஓடும் பட்டையில் ஏற்றிவிட்டார். இப்படியாக ஜிம்மில் சேர்ந்தேன். நாற்பது நிமிஷம் நடந்தேன். சங்கரலிங்கம் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து, என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. சாமி பெயர் சொல்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

ஜிம். நாற்பது நிமிஷம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஜிம். ஸ்டெல்லா என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

தாரணி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கல்லூரிப் பையில் ஆஸ்பத்திரி கொடுத்த சிறு புத்தகம் இருந்தது. பென்சிலால் கோடு போட்டுப் படித்திருக்கிறாள்.

"மாமா, அம்மாவுக்கு இன்னும் ஒரு மாசம் எல்லாம் தாங்காது. அப்பா ஒங்கள நம்பி நாளைக் கடத்துதாவ. நான் குடுக்கேன். நீங்க சொன்னாத்தான் அம்மா கேப்பா."

"யோசிச்சுச் சொல்லுதேம்மா."

"யோசிக்க என்ன மாமா இருக்கு? மூணு மாசத்துல வளந்துரும்." புத்தகத்தைப் புரட்டிப் பக்கத்தைக் காட்டினாள். பிறகு குரலை இறக்கிக் கேட்டாள். "மாமா, ஒங்களுக்குப் பயமா இருந்துச்சா?"

இல்லை என்றேன்.

"எனக்குக் கொஞ்சம் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள்.

செப்டம்பர் 13, சனி

பேச்சி வீட்டுக்குப் போனேன். சங்கரலிங்கம் டூட்டியில், தாரணி வேண்டுமென்றே கடைக்குப் போயிருந்தாள். பேச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் குச்சியாகிவிட்டன.

பிள்ளை கொடுக்கட்டும் என்று ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் பேசியிருப்பேன். சின்ன வயது, சீக்கிரம் ஆறும், தழும்பு சேலைக்குள் மறைந்துவிடும், எத்தனையோ பேர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். எல்லாம் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது. மூன்று மாதமாக நான் படித்தவைதானே. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பயப்பட ஒண்ணுமில்லைங்கியா?"

"ஒண்ணுமில்ல."

"உசுருக்கு?"

"ஐந்நூறு பேருல ஒருத்தருக்குத்தான் பேச்சி. ஒண்ணுமே இல்ல அது."

அவள் தலையை ஆட்டினாள். சன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஒனக்குக் கொழுப்பு எவ்வளவு இருந்துதுண்ணே? கடைசியா எடுத்ததுல?"

நான் ஒரு எண்ணைச் சொல்லியிருக்க வேண்டும். இருபத்திரண்டு, இருபத்தைந்து, எதையாவது. எட்டுக் கடை என்று திருத்துகிறவன், பாட்டில் பாட்டிலாக எண்ணுகிறவன், எனக்கு ஒரு எண்ணும் வாயில் வரவில்லை. பேச்சி என் பக்கம் திரும்பினாள். அந்த மஞ்சள் கண்ணை அன்றுதான் நேராகப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

"சரி, விடு" என்றாள். "எம்பிள்ளை வயித்துல நான் கத்தி வைக்க விட மாட்டேன். நீயே அவகிட்டச் சொல்லிரு. வெயிலுக்கு முன்ன கெளம்பு. மைனி சாப்பிடாம இருப்பா."

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுவிட்டு, கழற்றி மறுபடி போட்டேன். அவள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

மதுரைக்குப் போன் செய்தேன். அந்த அம்மாளே எடுத்தார். பெயர் சொன்னேன். "சொல்லுங்க சார், ஞாபகம் இருக்கு" என்றார். நான் சொல்லவில்லை. "சார்? லைன்ல இருக்கீங்களா?" என்று மூன்று தரம் கேட்டார். வைத்துவிட்டேன். பிறகு ஜிம்முக்குப் போனேன், நாற்பது நிமிஷம்.

செப்டம்பர் 18, வியாழன்

மறுபடி போன் செய்யலாம் என்று எடுத்தேன். செய்யவில்லை.

செப்டம்பர் 24, புதன்

ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும் பேச்சிக்கு வயிற்றுத் தண்ணீரில் கிருமி. ரத்தத்திலும் பரவிவிட்டது. இனி யார் கொடுத்தாலும் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நாளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

கோமதி அழுதாள். அழுதுகொண்டே எனக்கு எண்ணெய் விட்டுத் தோசை சுட்டுப் போட்டாள். "இனிமேயாவது வயித்துக்குத் தின்னுங்க. யாருக்காகப் பட்டினி கெடக்கிய" என்றாள். மூன்று தோசை தின்றேன். இறங்கியது.

அக்டோபர் 5, ஞாயிறு

பார்க்க வருகிறவர்கள் நிறைய. பேச்சி வீட்டில் நாற்காலி போதாமல் நான் பக்கத்து வீட்டில் நான்கு வாங்கிக்கொண்டு வந்தேன். ஆறு டீ, இரண்டு சர்க்கரை இல்லாமல். தாரணி யாரோடும் பேசுவதில்லை. நான் உள்ளே வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

சாயங்காலம் சங்கரன்கோவிலிலிருந்து சங்கரலிங்கத்தின் பெரியம்மா வந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து பேச்சியின் காலைத் தடவிக்கொண்டே, அறையில் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்.

"ஈரல்ல பாதி குடுத்தாப் பொழைப்பான்னாவளே. கூடப்பொறந்தவன் கல்லு மாதிரி நிக்கானே, அவன் குடுத்தா என்னவாம்?"

நான் கதவருகே நாற்காலியைப் பிடித்தபடி நின்றேன். சங்கரலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பேச்சி கையைத் தூக்கினாள். இரண்டு நாளாகச் சரியாகப் பேச்சு வராதவள் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, மூச்சு வாங்கி, சொல்லி முடித்தாள்.

"எங்கண்ணன அப்பிடிச் சொல்லாதீய, பெரியத்த. அவன் தாரேன்னுதான் நின்னான். டாக்டருதான் ஒத்துவராதுன்னுட்டாவ. எனக்காக ஊரெல்லாம் நடந்து எப்பிடி ஆயிட்டான்னு பாருங்க."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தாரணியும் அடுப்படி வாசலிலிருந்து பார்த்தாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.